கழித்தலும் வகுத்தலும்: டார்க், ஃப்ளாட் ஓர் ஒப்பாய்வு

தொலைநோக்கியில் கேமராவைப் பூட்டி நெபுலா எடுக்கிறவரிடம் "டார்க் எடுத்தீர்களா?" என்று கேட்டால், எடுத்தேன் என்று சட்டென்று பதில் வரும். "ஃப்ளாட்?" என்றால் பதில் இழுக்கும். பனி இறங்கிவிட்டது, வெள்ளைத் துணி எடுத்து வரவில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். புதிதாக இறங்குகிறவர்களில் பலருக்கு டார்க் கடமை, ஃப்ளாட் வசதிப்பட்டால் செய்வது. இன்று கடையில் கிடைக்கும் சென்சார்களை வைத்துப் பார்த்தால் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். இது ஏன் என்று பார்க்க, இரண்டையும் ஒன்றாக எடுத்து வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலில் வேலை முறை. தொலைநோக்கியின் மூடியைப் போட்டுவிட்டு, வானத்தை எடுத்த அதே நேர அளவு, அதே கெயின், அதே வெப்பநிலையில் எடுக்கும் கறுப்புப் படம் டார்க். தொலைநோக்கியின் வாயில் சீரான வெளிச்சத்தைக் காட்டி, இருட்டும் இல்லாமல் வெளுக்கவும் விடாமல் நடுத்தரமாக எடுக்கும் வெற்றுப் படம் ஃப்ளாட். இரண்டிலும் ஒரு விண்மீன்கூட இருக்காது. இருபது, முப்பது என்று எடுத்துச் சராசரி போட்டு ஒரு 'மாஸ்டர்' ஆக்கி, வானத்தை எடுத்த ஒவ்வொரு படத்திலிருந்தும் டார்க்கைக் கழிக்கிறோம். வருவதை ஃப்ளாட்டால் வகுக்கிறோம். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் கோப்புகளை உரிய இடத்தில் போட்டுவிட்டால் மீதியைத் தாமே செய்துகொள்கின்றன. அதனாலேயே ஏன் ஒன்றைக் கழிக்கிறோம், மற்றதை வகுக்கிறோம் என்ற கேள்வி பலருக்கு எழுவதில்லை.

கழிப்பது, கூடுதலாக வந்து சேர்ந்ததை. சிலிக்கானில் வெளிச்சம் விழாவிட்டாலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் விடுபட்டுக்கொண்டே இருக்கும். பிக்செல் அவற்றையும் ஒளியாக நினைத்து எண்ணிவிடும். அதோடு, எண்கள் சுழியத்துக்குக் கீழே போய்விடாமலிருக்கக் கேமராவே ஒரு நிலையான தொகையைக் கூட்டி வைக்கிறது. எண்ணெய்க் கடையில் காலிக் கேனைத் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துவிட்டு எண்ணெய் ஊற்றுவார்களே, டார்க் செய்வதும் அதுதான். கேனில் ஒரு லிட்டர் ஊற்றினாலும் ஐந்து லிட்டர் ஊற்றினாலும் கேனின் எடை மாறாது. வானம் இருட்டோ வெளிச்சமோ, டார்க் கழிக்கும் தொகையும் மாறாது.

ஃப்ளாட் சந்திக்கும் குறை வேறு வகை. தொலைநோக்கியின் ஓரங்களில் ஒளி குறைந்தே வரும். நடுவில் 100 ஃபோட்டான் விழும் நேரத்தில் மூலையில் 70 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 10,000 விழுந்தால் மூலையில் 7,000. குறைவது ஒரு தொகையல்ல, ஒரு விகிதம். விகிதத்தை விகிதத்தால்தான் சரிசெய்ய முடியும். சென்சாரின் முன்னால் ஒட்டியிருக்கும் தூசு, ஒரு பிக்செலுக்கும் அடுத்ததற்கும் உள்ள உணர்திறன் வேறுபாடு எல்லாம் இதே ரகம்.

கழித்த பிறகே வகுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். வானத்தின் உண்மையான ஒளி நடுவில் 1000, மூலையில் 700. கேமரா கூட்டி வைத்த தொகை 500. ஆகவே படத்தில் நாம் காண்பது 1500, 1200. டார்க்கைக் கழிக்காமல் மூலையை 0.7 ஆல் வகுத்தால் 1714 வருகிறது, நடுவில் 1500தான். இருண்டிருந்த மூலை இப்போது நடுவைவிடப் பளிச்சென்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "என் ஃப்ளாட் சரியில்லை, அதிகமாகத் திருத்துகிறது" என்று திரும்பத் திரும்ப ஃப்ளாட் எடுப்பவர்கள் உண்டு. பாவம், ஃப்ளாட் மேல் குற்றமே இல்லை. கழிக்க வேண்டியதைக் கழித்தால் 1000, 700; மூலையை வகுத்தால் சரியாக 1000.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஃப்ளாட்டுக்குள்ளும் அந்த 500 உட்கார்ந்திருக்கும். நடுவில் 30,500, மூலையில் 21,500 என்று பதிவாகியிருக்கும் ஃப்ளாட்டை அப்படியே பயன்படுத்தினால் விகிதம் 0.7 என்பதற்குப் பதில் 0.705 ஆகிவிடுகிறது, மூலை 1000க்குப் பதில் 993இல் நிற்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழைதானே என்று தோன்றும். அது எவ்வளவு பெரியது என்பது சற்று நேரத்தில் தெரியும். இதற்காகத்தான் ஃப்ளாட்டுக்கென்று தனியே மிகக் குறுகிய நேர பயஸ் படங்களையோ, ஃப்ளாட் எடுத்த அதே நேர அளவில் மூடி போட்டு எடுக்கும் 'டார்க் ஃப்ளாட்'களையோ கழிக்கிறார்கள்.

டார்க் இவ்வளவு மரியாதையைப் பெற்றதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்ற ஒளியுணர் சிப், அமெச்சூர்களின் கைக்குப் பரவலாக வந்தது 1990களில்தான். ரிச்சர்ட் பெரி, வெய்க்கோ கான்டோ, ஜான் முங்கர் மூவரும் 1994இல் வெளியிட்ட 'சிசிடி கேமரா குக்புக்' என்ற புத்தகத்தைப் பார்த்துப் பலர் வீட்டிலேயே கேமரா செய்தார்கள். அந்தக் காலச் சிப்களில் டார்க் கழிக்காத படம் உப்பு மிளகு தூவியதுபோல இருக்கும். நெபுலாவைத் தேட வேண்டுமானால் முதலில் டார்க்கைக் கழித்தே ஆகவேண்டும். அந்த அனுபவத்தில் எழுந்த அறிவுரைகள் அப்படியே தலைமுறை மாறி நம்மிடம் வந்திருக்கின்றன.

வெப்பம்தான் இங்கே வில்லன். ஆறேழு டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த வெப்ப எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ இருமடங்காகும். குளிரூட்டி இல்லாத டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு இதன் பொருள் எளிது: கொடைக்கானலில் பத்து டிகிரிக் குளிரில் எடுத்த டார்க், சென்னையில் முப்பது டிகிரிக் கோடை இரவுக்கு உதவாது. இருபது டிகிரி வித்தியாசத்தில் பத்து மடங்கு வரை மாறிவிடும். ஒரே இரவுக்குள்ளேயே கேமரா தொடர்ந்து வேலை செய்து சூடாகும், விடியற்காலையில் ஆறும். குளிரூட்டிய கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. வெப்பநிலையைச் சொல்லிவிட்டால் அங்கேயே நிற்கும். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: இந்தக் கேமராக்கள் பொதுவாகச் சுற்றுப்புறத்தைவிட முப்பத்தைந்து டிகிரி அளவுக்குத்தான் இறக்கும். வெளிநாட்டு வழிகாட்டியைப் பார்த்து மைனஸ் இருபது என்று வைத்தால் நம் மே மாத இரவில் கேமரா மூச்சு வாங்குமே தவிர அங்கே போய்ச் சேராது. மைனஸ் ஐந்துகூட அதன் முழு பலத்தையும் கேட்கும். ஆண்டு முழுக்க எட்டக்கூடிய ஒரு வெப்பநிலையைத் தேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

பிறகு சிசிடியின் இடத்துக்குச் சிமாஸ் சென்சார்கள் வந்தபோது டார்க்கின் செல்வாக்கு முதலில் கூடத்தான் செய்தது. ஏஎஸ்ஐ 1600, சோனியின் ஐஎம்எக்ஸ் 294 சென்சார் கொண்ட கேமராக்கள் ஆகியவற்றில் நீண்ட நேரப் படங்களின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கசிவு தெரியும். சென்சாரின் ஓரமாக இருக்கும் மின்சுற்றுகளிலிருந்து வருவது. 'ஆம்ப் குளோ' என்பார்கள். 294இல் அது கதிர் பாய்வதுபோல ஓரத்திலிருந்து உள்ளே நீளும். சிசிடி காலத்தில் ஒரு நீண்ட டார்க்கை எடுத்து வைத்துக்கொண்டு, வேறு நேர அளவுக்குக் கணக்கால் சுருக்கிப் பயன்படுத்துவது வழக்கம். குளோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஆக, நேர அளவும் கெயினும் வெப்பநிலையும் அச்சாகப் பொருந்தும் டார்க்தான் வேண்டும் என்ற விதி இறுகியது.

பிறகு ஐஎம்எக்ஸ் 571 சென்சார் வந்தது. 3.76 மைக்ரான் பிக்செல், 16 பிட் பதிவு, கண்ணுக்குத் தெரியும் குளோ இல்லை. ஏஎஸ்ஐ 2600 போன்ற கேமராக்களின் இதயம் இதுதான். தயாரிப்பாளர் தரும் அளவுப்படி சுழியம் டிகிரியிலேயே ஒரு பிக்செலில் வினாடிக்கு ஓர் எலெக்ட்ரானில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் வெப்பத்தால் வருகிறது. ஐந்து நிமிடப் படத்தில் முழுசாக ஓர் எலெக்ட்ரான்கூடத் தேறாது.

இப்போது நகர வானத்துக்கு அந்தக் கேமராவைக் கொண்டுபோவோம். ஐந்து நிமிடத்தில் தெருவிளக்குகளின் வெளிச்சம் மட்டும் ஒரு பிக்செலுக்கு 2000 எலெக்ட்ரான் தருகிறது என்று கொள்வோம். நாம் தேடும் மெல்லிய நெபுலா அதில் நூற்றில் ஒரு பங்கு: 20 எலெக்ட்ரான். டார்க் நீக்க வேண்டிய வெப்பத் தொல்லை ஒன்றுக்கும் கீழே; கேமரா கூட்டி வைத்த தொகையைக் கழிக்க பயஸ் படமே போதும். மூலையில் முப்பது சதவீத ஒளி குறைகிறது என்றால் அதனால் ஏற்படும் வேறுபாடு 600 எலெக்ட்ரான், அதாவது நெபுலாவைப்போல முப்பது மடங்கு. முன்பு அலட்சியமாக விட்ட 0.7 சதவீதப் பிழை, இந்த 2000இல் 14 எலெக்ட்ரான். நெபுலாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒளி மாசு கூடக்கூட ஃப்ளாட்டின் பொறுப்பு கூடுகிறது என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது. இருண்ட மலைக்குப் போகிறவர் ஃப்ளாட்டில் சற்று அசட்டையாக இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். மொட்டை மாடியில் நின்று எடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சென்சார் எவ்வளவு முன்னேறினாலும் இந்த 600 குறையாது. காரணம், அந்தக் குறை சென்சாரில் இல்லை. தொலைநோக்கியின் குழாயில், ஃபில்டரில், அன்று இரவு கேமராவை எந்தக் கோணத்தில் திருப்பிப் பூட்டினோம் என்பதில் இருக்கிறது. டார்க் கேமராவின் சொத்து. மழைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து எடுத்து, நூலகம்போல அடுக்கி வைத்துக்கொள்ளலாம். பல மாதங்களுக்கு வரும். காலப்போக்கில் புதிய சூடான பிக்செல்கள் (வெளிச்சம் விழாமலே பளிச்சிடுபவை) முளைக்கும் என்பதால் அவ்வப்போது புதுப்பித்தால் சரி. ஹப்பிள் தொலைநோக்கியின் கேமராவையே மாதத்துக்கு ஒருமுறை குளிர் நிறுத்தி வெதுவெதுப்பாக்குகிறார்கள். கதிர்வீச்சால் உண்டான சூடான பிக்செல்களில் ஒரு பகுதி அதில் சரியாகிவிடும். ஃப்ளாட்டை அப்படி அடுக்கி வைக்க முடியாது. ஃபோகஸை மாற்றினால், ஃபில்டரை மாற்றினால், கேமராவைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் நேற்றைய ஃப்ளாட் இன்றைக்கு ஆகாது.

தூசு விஷயத்தில் இது கண்கூடு. ஃப்ளாட் படத்தின் மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் வடை வடையாகச் சில சாம்பல் வளையங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தூசியின் நிழல். வளையத்தின் அகலத்தை வைத்தே தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்: வளையத்தின் விட்டத்தைத் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் பெருக்கினால் சென்சாரிலிருந்து தூசி இருக்கும் தொலைவு கிடைக்கும். 3.76 மைக்ரான் பிக்செலில் 100 பிக்செல் அகல வளையம் என்றால் 0.376 மில்லிமீட்டர், எஃப் 7 தொலைநோக்கியில் அதை ஏழால் பெருக்கினால் 2.6 மில்லிமீட்டர். சென்சார் கண்ணாடியின் மேலேயே இருக்கிறது. 1000 பிக்செல் அகலம் என்றால் 26 மில்லிமீட்டர். போய் ஃபில்டரைத் துடைக்க வேண்டியதுதான். டார்க்கை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த மாதிரித் துப்பு எதுவும் கிடைக்காது.

ஃப்ளாட் எடுப்பது கடினம் என்ற பேச்சில் பாதி உண்மை. அந்தி வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பி, வாயில் வெள்ளை டி-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி எடுப்பது பழைய முறை. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், பரபரப்பு. ஓவியம் பயில்கிறவர்கள் வாங்கும் எல்இடி டிரேசிங் பேடு அதைவிட நிம்மதி. தொலைநோக்கியை மேல்நோக்கி நிறுத்தி அதை வாயின் மேல் வைத்துவிட்டால் போதும். ஆனால் அந்தப் பேடு பெரும்பாலும் அளவுக்கு மீறிய வெளிச்சம். அதைக் குறைத்து வைத்தால் விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் வேகமாக அணைந்து எரியும். குறுகிய நேரத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். எனவே பேடை முழு வெளிச்சத்தில் விட்டு, இடையில் சில ஏ4 தாள்களை அடுக்கி ஒளியைக் குறைத்து, ஓரிரு வினாடி எடுப்பது நல்லது. 294 சென்சார் விஷயத்தில் குறுகிய நேர ஃப்ளாட்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்ற புகாரும் உண்டு. அதற்கும் மருந்து இதே தாள்கள்தான். எத்தனை எடுப்பது? பிக்செலுக்கு 25,000 எலெக்ட்ரான் சேரும் ஒரு ஃப்ளாட்டில் இயற்கையான ஏற்ற இறக்கம் 0.6 சதவீதம். இருபதைச் சராசரி போட்டால் 0.14. போதும். மொத்தமே சில நிமிட வேலை.

பிறகு ஏன் டார்க் முந்திக்கொள்கிறது? டார்க் இல்லாத குறை கண்ணை உறுத்தும். சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் நிற்கும். யார் பார்த்தாலும் கோளாறு என்று தெரியும். ஃப்ளாட் இல்லாத குறை அப்படி அறிவித்துக்கொண்டு வராது. மெல்லிய சாய்வாக, மங்கலான திட்டாக, சில சமயம் நெபுலா என்றே நம்பும்படி நிற்கும். எம் 81, எம் 82 பகுதியில் நம் பால்வழியின் தூசு மேகங்கள் மிக மெலிதாகப் படர்ந்திருக்கின்றன. அங்கே படத்தை இழுத்துப் பிரகாசமாக்கும்போது தெரியும் திட்டு மேகமா, தூசி வளையமா என்று ஃப்ளாட் இல்லாதவர் அடித்துச் சொல்ல முடியாது.

உறுத்தும் குறைக்கு வேறு வைத்தியமும் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே தொலைநோக்கியைச் சில பிக்செல் தள்ளி வைப்பதை 'டிதரிங்' என்கிறோம். விண்மீன்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது சூடான பிக்செல் ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் விழும்; ஒதுங்கி நிற்பதை மென்பொருள் நீக்கிவிடும். வெப்பநிலை ஊசலாடும் டிஎஸ்எல்ஆரில் பொருந்தாத டார்க்கைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. அந்தக் கேமராக்களில் 'நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு' என்று ஒரு வசதி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் கேமரா தானே ஒரு டார்க் எடுத்துக் கழித்துக்கொள்ளும். வெப்பநிலை நன்றாகப் பொருந்தும், உண்மை. ஆனால் இரவில் பாதி நேரம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு போகிறது. ஒரே ஒரு டார்க்கைக் கழிப்பதால் அதன் ஏற்ற இறக்கமும் சேர்ந்து, கேமராவின் சொந்த இரைச்சல் 1.4 மடங்காகிறது. அணைத்து வைப்பதே நல்லது.

ஃப்ளாட்டுக்கும் இப்படி ஒரு மாற்று சொல்லப்படுவதுண்டு. சாதாரண கேமரா லென்ஸால் பால்வழி எடுப்பவர்கள் ரா கோப்பைத் திறக்கும்போது லென்ஸ் புரொஃபைலைப் போட்டால் மூலை இருட்டு சரியாகிவிடும். அகன்ற கோணப் படத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் உங்கள் சென்சார்மேல் நேற்று விழுந்த தூசி அந்தப் புரொஃபைலுக்குத் தெரியாது. தொலைநோக்கிகளுக்கோ புரொஃபைல் என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. டிதரிங்கும் இங்கே கைகொடுக்காது. நூற்றுக்கணக்கான பிக்செல் அகல வளையத்தைச் சில பிக்செல் நகர்த்தி என்ன பயன்?

இரண்டுக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. டார்க் சராசரி வெப்பக் கணக்கைத்தான் நீக்கும். அந்த வெப்பம் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் படத்திலேயே தங்கிவிடும். ஃப்ளாட் மூலையை நடுவின் அளவுக்குத் தூக்கிவிடும். ஆனால் அங்கே வந்த ஒளி எழுபது சதவீதம்தான் என்பதால் மூலையில் தெளிவு நடுவில் இருப்பதில் 84 சதவீதமாகவே நிற்கும். வராத ஒளியை இரண்டுமே கொண்டுவராது. தெருவிளக்கால் ஒரு பக்கம் வெளுத்த வானத்தையும், முன் லென்ஸில் படிந்த பனியின் ஒளிவட்டத்தையும் ஃப்ளாட் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

இதுவரை சொன்னது படம் எடுப்பவர்களுக்கு. விண்மீனின் ஒளியை அளப்பவர்களின் கதை வேறு. 1999இல் எச்டி 209458 என்ற விண்மீனின் முன்னால் அதன் கோள் கடந்துபோவது முதன்முதலாகப் பதிவானது. ஒளி குறைந்தது சுமார் ஒன்றரை சதவீதம். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே ஃபின்லாந்தின் நியூரோலா வானாய்வகத்தில் அமெச்சூர்கள் அதே கோளின் கடப்பைப் பதிவு செய்தார்கள். ஒரு சாதாரணத் தூசி வளையமே அந்த அளவுக்கு ஒளியை மறைக்கக்கூடியது. இரவு முழுக்க விண்மீன் மெல்ல நகர்ந்து வளையத்தின் விளிம்பைத் தொட்டால், ஃப்ளாட் இல்லாதவரின் வரைபடத்தில் இல்லாத கோள் ஒன்று கடந்துபோகும். ஆகவே இவர்கள் விண்மீன் ஒரே பிக்செல்களின் மேலேயே நிற்கும்படி தொலைநோக்கியைப் பிடித்து வைக்கிறார்கள். டிதரிங்குக்கு இங்கே இடமில்லை. அதை விட்டவுடன் டார்க் மறுபடி உள்ளே வருகிறது. அளக்கும் வட்டத்துக்குள் ஒரு சூடான பிக்செல் மாட்டிக்கொண்டால் அதை நீக்க வேறு வழியில்லை. ஐஎம்எக்ஸ் 571 வைத்து நெபுலா எடுக்கும்போது டார்க்கைத் தயங்காமல் விட்டுவிடும் அதே ஆள், மறுநாள் கோள் கடப்பை அளக்கும்போது மூடியைப் போட்டு முப்பது டார்க் எடுக்கிறார்.